கப்பல் ஏறினால்

அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி.
செக்கிங் மேஜை நாலு, டோக்கன் இருபத்தேழு நான்.
காங்கேயத்தில் பி.எஸ்சி. கணக்கு, இரண்டு வருஷம்;
மூன்றாவது வருஷத்துக்குப் பதில் கல்யாணம்.
மெய் அட்டவணை மட்டும் மறக்கவில்லை,
நாலே வரி என்பதால்.

தையலும் நிறமும் அளவும் சரி என்றால் பாஸ்.
'உம்' போட்டுவிட்டால்
எல்லாம் நின்றால்தான் அது நிற்கும்.
கழித்துப்போட 'ஓ' போதும்:
ஓட்டையோ கறையோ பிசிறோ.
மூன்றும் சேர்ந்தே இருந்தாலும் அதே கூடைதான்.
'உம்'மை மறுத்தால் 'ஓ' வரும் என்று
புத்தகம் அரைப் பக்கம் எழுதியிருந்தது.
இங்கே பீஸைத் திருப்பிப்போடும் நேரம்தான்.

செவ்வாய்க்கிழமை முதலாளி பொங்கியண்ணன்
மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார்:
"வெள்ளிக்கிழமெ லோடு தூத்துக்குடி போயிருச்சுன்னா
ஆளுக்கு ரெண்டாயிரமுங்."
அப்புறம் மூன்று நாள் யாரும் எட்டு மணிக்கு வீடு போகவில்லை.
ஒடிசாப் பையன் ஜகபந்து
ரெண்டாயிரம் என்ற சொல்லை மட்டும்
பிசிறில்லாத தமிழில் சொன்னான்.

வெள்ளி காலை பையர் அனுப்பிய ஆள் வந்தார்.
சூப்பர்வைசர் தீர்த்தகிரி எழுதி நீட்டிய தாளில்
'எல்லாப் பீசும் சரி.'
நாலாயிரத்து எண்ணூறு பீஸ்.
வந்தவர் பதினோராவது பெட்டிக்குள் கையை விட்டார்.
ஒரு காலருக்கு அடியில் எண்ணெய்,
கொத்தமல்லி விதையளவு.
"அப்ப அத்தனையும் தப்பா?"
தீர்த்தகிரி போட்ட சத்தத்தில் அயன்காரர் திரும்பினார்.
அத்தனையும் தப்பென்று யாரும் சொல்லவில்லை.
'எல்லாம்' சாய்வதற்கு எல்லாமும் சாய வேண்டியதில்லை,
ஒன்று வழுக்கினால் சரி.
பெட்டி பூராவும் பிரித்துப் பாருங்கள் என்றார் வந்தவர்.

லோடு போகவில்லை.

சாயங்காலம் முதலாளி கையை விரித்தார்:
"எம்பட சொல்லு தவறலீங்களே."
தவறவில்லைதான். மனசுக்குள் அட்டவணை போட்டுப் பார்த்தேன்.
முன்பாதி பொய். அப்படியானால்
பின்பாதி என்னவானாலும் முழு வாக்கியம் மெய்.
மூன்று ராத்திரித் தூக்கம் போயிருக்கிறது,
எங்கேயும் ஒரு பொய் விழவில்லை.
மெய் என்றால் உடம்பும்தான்;
என் கெண்டைக்கால் வேறு மதிப்பு போட்டிருந்தது.

ஆனால் முன்பாதி பொய்யான வரி
அட்டவணையில் ஒன்றல்ல, இரண்டு.
போகவில்லை, தரவில்லை: மெய்.
போகவில்லை, தந்தார்: அதுவும் மெய்.
'போனால்' என்றுதான் அவர் சொன்னார்.
'போனால் மட்டுமே' என்பதில் அந்த 'மட்டுமே'
நாங்களாக வைத்துத் தைத்துக்கொண்டது.

கேட்டுவிட்டேன்.
"போகாட்டித் தரமாட்டேன்னு நீங்க சொல்லலீங்களே.
இப்பக் குடுத்தாலும் உங்க சொல்லு சொல்லுத்தானுங்."
ஓவர்லாக் வரிசையில் யாரோ சிரித்து
அதை இருமலாக்கிக்கொண்டாள்.
அவர் கண்ணாடியைக் கழற்றி
வேஸ்ட் துணியில் வெகுநேரம் துடைத்தார்.
"பாக்கலாம் அம்முணி" என்றார்.

பாக்கலாம்.
மெய்யா பொய்யா என்று கேட்க முடியாதவை
கூற்றுகள் ஆகா: கேள்வி, கட்டளை, வியப்பு.
புத்தகத்தில் பட்டியல் அதோடு முடிந்திருந்தது.
இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

ராத்திரி பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.
தீர்த்தகிரி அந்தக் காலரைத் தூக்கிக் காட்டினார்.
"இது யாரு பார்த்த பீஸ்?"
டோக்கன் ஸ்டிக்கர் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது.
"நானில்லீங்" என்றேன்.
மறுப்புக்கு அட்டவணை இரண்டே வரி.
எந்த வரியில் நிற்கிறேன் என்று
எனக்குத் தெரியும்.
அடுத்த பெட்டியின் டேப்பைக் கிழித்தேன்.